ஊர் நம்பரை அணைத்து வைத்த இரண்டு நாட்கள்

1

போன வாரம் கும்மிடிப்பூண்டியிலிருந்து கணேசன் கேட்டிருந்தான். ஐடிஐயில் என்னோடு ஃபிட்டர் படித்தவன். மகள் பிரசவத்துக்காக அவனும் மனைவியும் கனடா வருகிறார்கள். "டேய் சாமு, மூணு மாசம் இருக்கப் போறோம். எந்த சிம்முடா போடுறது? ஏர்போர்ட்ல வாங்கலாமா, இங்கியே ரோமிங் பேக் போட்டுக்கினு வரலாமா? நீதான் இதுக்கெல்லாம் எக்செல் போடுறவனாச்சே, கம்மி ரேட்ல ஒண்ணு சொல்லு."

எக்செல் போட்டது உண்மை. அந்த எக்செல்லால் நடந்தது கணேசனுக்குத் தெரியாது. அவனுக்கு இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரியில் முடியவில்லை. நீங்களும் படியுங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருக்கலாம்.

2

நான் இருப்பது கனடாவில் ஹாமில்டன் என்ற ஊரில். இங்கேயும் இரும்புதான். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலையில் அப்பா இருபத்தெட்டு வருஷம் நின்ற சூட்டுக்குப் பக்கத்தில்தான் நானும் நிற்கிறேன். என் சூடு டாலரில் வருகிறது என்பதால் எங்கள் ஊர் ஆரம்பாக்கத்தில் என்னைப் பெரிய ஆள் என்கிறார்கள். மனைவி மெர்சி முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். மகள் ரூத்துக்குப் பதினைந்து வயது. வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம் என்பது வரி கட்டும் படிவத்தில் இருக்கிறது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்கும் ரூத்தின் காதில் ஹெட்போன் இருக்கும்.

அப்பா இறந்தபோது நான் போகவில்லை. இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான என் பி.ஆர். கார்டு காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். போகலாம், திரும்பி வருவதற்குத்தான் வேறொரு தாள் வேண்டும், அதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றாள் போனில் வந்த குடிவரவு அலுவலகப் பெண். மிகவும் மரியாதையாகச் சொன்னாள். கடைசியில் "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்றும் கேட்டாள். அப்பாவை இரண்டு வாரம் வைத்திருக்கச் சொல்லுங்கள் என்றா கேட்க முடியும்?

பக்கத்து வீட்டு செல்வி அக்கா தன் போனில் வீடியோ பிடித்துக் காட்டினாள். சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் வேலை அவளுக்கு. அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து எனக்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். வீட்டு ஜெபம், சர்ச், தெருவில் பெட்டியைத் தூக்கிப் போனது எல்லாம் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்தில் கயிற்றைப் போட்டுப் பெட்டியை இறக்கத் தொடங்கினார்கள். படம் நின்றுவிட்டது. செல்வி அக்காவின் கட்டைவிரல் பாதியும், செம்மண் குவியல் பாதியும் திரையில் அப்படியே இருந்தன. அன்றைய டேட்டா தீர்ந்துபோயிருந்தது. யாரோ ஒருவர் தன் போனிலிருந்து அவளுக்கு இணைப்பு கொடுத்து மறுபடி படம் வந்தபோது, மண்ணைத் தட்டி மாலையை வைத்துவிட்டிருந்தார்கள்.

செல்வி அக்கா அழுதாள். "கூடவே ரீசார்ஜ் பண்ணிக்கினு வந்திருக்கணும் சாமு, எனக்குத் தோணாமப் போச்சே" என்றாள். அவளைச் சொல்லி என்ன? நான்தான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

3

எங்கள் வீட்டில் மிஸ்டு கால் என்பது அப்பா ஆரம்பித்து வைத்தது. ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டியில் சூலூர்பேட்டை ரயிலில் ஏறியதும் அம்மாவுக்கு ஒரே ஒரு மணி அடித்து வெட்டிவிடுவார். ஒரு மணி என்றால் ரயில் ஏறிவிட்டேன், உலை வை. இரண்டு தடவை அடித்தால் ஓவர்டைம், நீங்கள் சாப்பிடுங்கள். பேசினால் காசு போகும் காலத்தில் ஆரம்பித்தது, பேச்சு இலவசமான பிறகும் விடவில்லை. அவருக்குப் பேச என்ன இருந்தது? உலை வைத்தால் போதும்.

நான் கனடா வந்த பிறகு அதே முறையை அம்மாவுக்கும் வைத்துக் கொடுத்தேன். என் பழைய இந்திய நம்பரை அணையாமல் இங்கேயும் போனில் போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு மணி அடித்தால் காசில்லை, எடுத்தால்தான் காசு. "தினம் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மிஸ்டு கால் குடும்மா. அதைப் பார்த்தா நீ நல்லா இருக்கேன்னு தெரிஞ்சிக்குவேன்" என்றேன். அப்போதெல்லாம் அப்பா பக்கத்தில் இருந்தார். அவர் போன பிறகு, அவருடைய பட்டன் போனை வைத்துக்கொண்டு அம்மா தனியாகவே கொடுக்கிறாள். ஒருநாள் தவறியதில்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அப்பா ஒரு மணியோடு வெட்டிவிடுவார். அம்மா கடைசி வரை அடிக்க விடுவாள், ரெக்கார்டு குரல் வரும் வரைக்கும். பாவம், வெட்டத் தெரியவில்லை என்று நினைத்திருந்தேன்.

இங்கே அது காலை பத்தரை மணி, குளிர்காலத்தில் ஒன்பதரை. வேலை நடுவில் ஒருநாள் அடித்து, ஃபோர்மன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அன்றைக்கே அந்த நம்பரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டேன். மதியம் சாப்பிடும்போது எடுத்துப் பார்ப்பேன். சிவப்பு அம்புக்குறி ஒன்று இருக்கும். சரி, அம்மா நன்றாக இருக்கிறாள் என்று சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன். ஆறு வருஷம் இப்படித்தான் போயிற்று.

4

அப்பாவின் முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு மூன்று பேரும் போவது என்று முடிவானது. கார்டு வந்துவிட்டது, லீவும் கிடைத்தது. இனி டேட்டா பிரச்சினைதான்.

நீங்கள் சிரிக்கலாம். ஒருவன் அப்பாவை அடக்கம் பண்ணுவதைப் பாதியில் பார்க்காமல் போனால், அவனுக்கு டேட்டா என்பது வேறு விஷயமாகிவிடும். இந்த முறை ஒரு நிமிஷம்கூட அறுந்து போகக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. யாரைப் பார்க்கப் போகிறேனோ அவர்கள் எல்லாரும் எதிரிலேயே இருப்பார்கள், வீடியோ யாருக்குக் காட்டப் போகிறேன் என்பது மட்டும் தோன்றவில்லை.

எங்கள் கனடா போன் கம்பெனிக்காரன் ரோமிங்குக்கு நாள் கணக்கில் காசு வாங்குகிறவன். மூன்று பேருக்கு மூன்று வாரம் என்றால் அந்தக் காசில் இன்னொரு ஆளையே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஏர்போர்ட்டில் இந்திய சிம் வாங்கலாம், மலிவு. அதற்குப் பாஸ்போர்ட் நகல், போட்டோ, உள்ளூர் முகவரி என்று கேட்பார்கள், அது வேலை செய்ய ஒருநாள் ஆகும் என்றார்கள். என் இந்திய நம்பரிலேயே டேட்டா போடலாம், செல்வி அக்காவுக்குத் தீர்ந்த மாதிரி அதுவும் தினக் கணக்கில் தீர்ந்துவிடும் என்று பயம். பிறகு ஈ-சிம். ஆன்லைனில் வாங்கிப் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளலாம், இறங்கியதும் ஓடும். பத்துப் பன்னிரண்டு கம்பெனிகளை எக்செல்லில் போட்டேன். எத்தனை ஜிபி, எத்தனை நாள், தீர்ந்தால் மேலே போட முடியுமா, ஹாட்ஸ்பாட் உண்டா. ரூத் ஒருநாள் எட்டிப் பார்த்து, "அன்லிமிடெட் எதுப்பா?" என்றாள். அந்த மாதம் அவள் என்னிடம் தானாக வந்து கேட்ட ஒரே கேள்வி அது. அதனாலேயே அன்லிமிடெட் வாங்கினேன்.

அதில் ஒரு சிக்கல். அந்த ஈ-சிம்மில் டேட்டா மட்டும்தான், நம்பர் கிடையாது. என் போனில் ஒரே நேரத்தில் இரண்டு சிம்தான் உயிரோடு இருக்கும். கனடா நம்பர், இந்திய நம்பர், இந்த ஈ-சிம் என்று மூன்றாகிவிட்டது. ஒன்றை அணைக்க வேண்டும். கனடா நம்பரை அணைத்தால் பேங்க் அனுப்பும் ரகசிய எண் வராது, வேலையிலிருந்து கூப்பிட்டால் தெரியாது. டொராண்டோ ஏர்போர்ட்டில் உட்கார்ந்து இந்திய நம்பரை அணைத்தேன்.

மெர்சி பார்த்துவிட்டாள். "என்னங்க, இந்தியாவுக்குப் போறதுக்கு இந்தியா நம்பரை ஆஃப் பண்றீங்க?"

"அம்மா பக்கத்துலயே இருக்கப் போறோம். மிஸ்டு கால் எதுக்கு?" என்றேன். எனக்கே அது புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

5

அம்மா பக்கத்திலேயே என்று சொன்னேனே, அதிலும் ஒரு பொய் இருந்தது.

நாங்கள் இறங்கியது வியாழக்கிழமை விடிகாலை. அம்மாவிடம் சனிக்கிழமை என்று சொல்லியிருந்தேன். நடுவில் இரண்டு நாள் திருவொற்றியூரில் மெர்சியின் அக்கா வீடு. அங்கே ஏசி இருக்கிறது, ரூத்துக்குப் பழக்கமான கழிவறை இருக்கிறது, பயணக் களைப்பு தீரட்டும் என்று காரணம் வைத்துக்கொண்டோம். வந்து இறங்கியதும் சம்பந்தி வீட்டுக்குப் போனான் என்று அம்மா மனசு கஷ்டப்படும், எதற்குச் சொல்ல வேண்டும்? நல்லெண்ணத்தில் சொன்ன பொய் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். ஆரம்பாக்கம் அங்கிருந்து ஒரே ரயில்.

புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அம்மா மிஸ்டு கால் போட்டிருக்கிறாள். ஸ்விட்ச் ஆஃப். நான் அப்போது ஆகாயத்தில் இருந்தேன். வியாழக்கிழமை எட்டு மணிக்குப் போட்டிருக்கிறாள். ஸ்விட்ச் ஆஃப். அப்போது நான் ஏசி அறையில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டேட்டா அருமையாக ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்ததைச் செல்வி அக்கா சொல்லித்தான் தெரியும். அம்மா அக்கம்பக்கத்தில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் யாராவது ஏதாவது கெட்டதாகச் சொல்லிவிடுவார்கள், சொன்ன வார்த்தை பலித்துவிடும் என்று பயம். செல்வி அக்காவும் மறுநாள் காலை ஐந்து மணிக்கே கம்பெனிக்குக் கிளம்பிவிட்டாள். அம்மா தனக்குத் தெரிந்த ஒரே காரணத்தைத்தான் நினைத்திருக்கிறாள்: நம்பரில் காசு தீர்ந்துபோயிருக்கும். வெள்ளிக்கிழமை காலை நாஷ்டாகூடச் சாப்பிடாமல் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போய், ஸ்டேஷன் பக்கத்து ரீசார்ஜ் கடையில் என் நம்பரைச் சொல்லி, "கனடாவுல மணி அடிக்கிற மாதிரி போட்டுக் குடுப்பா" என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரன் ஏதோ ஒரு பேக்கைப் போட்டுக் கொடுத்தான். அம்மா அங்கேயே நின்று அடித்துப் பார்த்திருக்கிறாள். ஸ்விட்ச் ஆஃப்.

"போன் ஆஃப்ல கீது ஆயா. துட்டு போட்டா மட்டும் மணி அடிக்காது" என்றானாம் அவன்.

அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் செல்வி அக்காவின் கம்பெனி கேட்டுக்குப் போயிருக்கிறாள். அந்தக் கம்பெனிகளில் போனைக் கேட்டிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அதனால் போன் போட்டாலும் எடுக்க ஆளில்லை. "ரெண்டு மணிக்குத்தான் ஷிப்ட் வுடும், ஊட்டுக்குப் போயிட்டு வா ஆயா" என்றிருக்கிறார் வாட்ச்மேன். அம்மா போகவில்லை. காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை லாரிகள் திரும்பும் அந்தத் தூசியில், கேட்டுக்கு எதிரே ஒரு சிமென்ட் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் தண்ணீர் கொடுத்தாராம். அவர் பேர் எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

6

இரண்டு மணிக்கு மேல் என் வாட்ஸ்அப் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன். அவ்வளவு நல்ல பிளான்.

"டேய் சாமு, நல்லாக்கீறியாடா? உங்கம்மா இங்க கேட்டாண்ட வந்து குந்திக்கினு கீது. இரு, தரேன்."

"நைனா..." அம்மா என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். "இன்னாடா ஆச்சு? ரெண்டு நாளா மணியே அடிக்கலயே."

"ஒண்ணும் ஆகலம்மா. நல்லாத்தான் கீறேன். போன்ல சின்ன ரிப்பேரு, அதான்."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய சாமான் வண்டி வந்தது. ஒலிபெருக்கியில் பதிவு பண்ணின குரல், பழைய இரும்பு, ஈயம், பித்தளை, பேப்பர் என்று ஜன்னலுக்கு நேர் கீழே நின்று கத்தியது. நான் போனைக் கையால் மூடினேன். லேட்.



"கனடாவுலயும் பழைய இரும்பு எடுக்குறானா நைனா?" என்றாள் அம்மா. குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். இல்லை என்று நான் சொல்லிவிடக் கூடாது என்பது போலக் கேட்டாள்.

"இல்லம்மா. திருவொத்தியூர்ல கீறேன்."

"எப்ப வந்தே?"

"நேத்து."

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போவது கேட்டது.

"சாப்ட்டியா?" என்றாள்.

என்னை அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கால் முடிந்ததும் இந்திய நம்பரை உயிர்ப்பித்தேன். தவறிய அழைப்புகள் என்று சிம் கம்பெனியிலிருந்து வந்த மெசேஜ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. எல்லாம் அப்பாவின் நம்பர். அந்த நம்பருக்கு இன்னும் 'அப்பா' என்றுதான் பேர் வைத்திருந்தேன். கடைசியாக, உங்கள் ரீசார்ஜ் வெற்றிகரமாக முடிந்தது என்று ஒன்று வந்தது.

7

அன்று சாயங்காலமே ஆரம்பாக்கம் போய்விட்டோம். அம்மா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அவ்வளவு அலைந்துவிட்டு வந்தும் வைத்திருந்தாள். திருவொற்றியூரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரூத்துக்கு மின்விசிறிக்கு நேராகப் பாய் போட்டாள்.

எட்டு மணிக்கு டிவியில் சீரியல் முடிந்தது. அம்மாவின் கை தானாகப் போய் அலமாரியிலிருந்து பட்டன் போனை எடுத்தது. எடுத்த பிறகுதான் என்னைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டு திரும்ப வைத்தாள்.

"இந்த மிஸ்டு காலால உனக்கு எவ்ளோ பேஜாருமா, இனிமே வாணாம். நான் தினம் நேரா பேசுறேன்" என்றேன். குற்ற உணர்ச்சியில் வந்த தாராளம்.

"வாணாம்" என்றாள் அம்மா. "நீ வேலைக்குப் போறவன், பேசுனா அவசரமா பேசுவே. வெச்சிடவா, வெச்சிடவான்னுவே. மணி அடிச்சா போதும் எனக்கு."

"நல்லாக்கீறேன்னு சொல்றதுக்கு ஒரு மணி போதுமே. நீ ஏன் கடைசி வரைக்கும் வுடுறே?"

"நல்லாக்கீறேன்னு சொல்றதுக்கா குடுக்குறேன்? அது நீ சொன்னது." அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டே பேசினாள். "பதினாலு தபா அடிக்கும். நான் எண்ணிக்கீறேன். இங்க எனக்கு அடிக்கச்சே அங்க உன் ஊட்ல அடிக்கிதுல்ல? உன் சமையக்கட்டு, நீ வீடியோவுல காட்டினியே அந்த மஞ்ச சோபா, இந்தப் பொண்ணு ரூமு, எல்லாத்துலயும் கேக்கும்ல. அந்தப் பதினாலு அடிக்கிற வரைக்கும் நான் உங்ககூட இருந்துட்டு வரேன். அதுக்குத்தான்."

ஆறு வருஷமாக அவள் தினமும் வந்து நின்றது என் வீட்டில் இல்லை. சத்தம் அணைத்த போன் ஒன்றின் உள்ளே, ஆலையின் லாக்கரில்.

அம்மா ரூத்தின் பக்கம் திரும்பினாள். "ஆயா மணி அடிச்சா உனக்குக் கேக்கும்ல கண்ணு?"

ரூத் ஹெட்போனைக் கழற்றினாள். அவளுக்குத் தமிழ் பாதிதான் புரியும். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆயாவைப் பார்த்து, தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள்: "ஆமா ஆயா. டெய்லி கேக்கும். நல்லா சத்தமா கேக்கும்."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் பெண் தமிழில் முழுதாகச் சொன்ன முதல் பொய் அதுதான். அவளை அந்தக் கணத்தில் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கல்லறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஜெபம் முடியும் வரை போனை நான் வெளியே எடுக்கவில்லை. டேட்டா அன்லிமிடெட்டாகப் பையில் இருந்தது.

8

கணேசா, உனக்குப் பதில் இதுதான். எந்த பேக் வேண்டுமானாலும் போட்டுக்கொள், கம்பெனிக்குக் கம்பெனி பெரிய வித்தியாசம் இல்லை. டேட்டாவைக் குறைத்து வாங்கு, பேரக்குழந்தையைப் பார்க்க வருகிறவனுக்கு எதற்கு அவ்வளவு டேட்டா? ஊரில் யாராவது உன் நம்பருக்குப் போன் போடுவார்கள் என்றால் அந்த நம்பரை மட்டும் அணைக்காதே.

திரும்பி வந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். பழைய போன் ஒன்றைத் தேடி எடுத்து, இந்திய சிம்மை அதில் மாற்றி, சத்தத்தை முழுதாக வைத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அது ஆலைக்கு வருவதில்லை, வீட்டில்தான் இருக்கிறது. அம்மா அடிக்கும் நேரத்தில் நான் உலையருகில் நிற்பேன், மெர்சி வேலையில் இருப்பாள், ரூத் பள்ளியில். "டெய்லி நிஜமா அடிக்குதாப்பா?" என்று ரூத் ஒருநாள் கேட்டாள். ஆமாம் என்றேன். "யாருமே இல்லையே" என்றாள். பிறகு மாடிக்குப் போய்விட்டாள்.

முந்தாநாள் வீட்டு ஹீட்டரைச் சரிபார்க்க ஆள் வருவதாக இருந்ததால் லீவு போட்டிருந்தேன். வெளியே பனி. வெள்ளைக்காரப் பையன், கீழே நிலவறையில் வேலையை முடித்துவிட்டு மேலே வந்து, மேஜையருகில் ரசீது எழுதிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. 'அம்மா' என்று வந்தது. ஊரிலிருந்து வந்த பிறகு பேரை மாற்றியிருந்தேன்.

நான் எடுக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான், போனைப் பார்த்தான். "எடுக்க வேண்டாமா?" என்று கேட்டான்.

"வேண்டாம். என் அம்மா" என்றேன்.

ஒரு மாதிரி பார்த்தான். பெற்ற தாயின் போனை எடுக்காத மனுஷன் என்று நினைத்திருப்பான். அவனுக்கு எப்படி விளக்குவது? சமையலறையில் கேட்டது, மஞ்சள் சோபாவில் கேட்டது, மாடியில் ரூத்தின் காலி அறை வரைக்கும் கேட்டது. நான் எண்ணினேன். பதினாலு. நின்றது.

அவன் ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினான். வந்தவர்களை வழியனுப்ப வாசல் வரை போவோமே, அப்படி எழுந்து அவனுக்கு முன்னால் கதவு வரை போனேன். திறந்து வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். தனக்காகத்தான் நிற்கிறேன் என்று நினைத்து அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.